நிரல்மொழிமாற்றிச் சோதனைகளில் நினைவக மேலாண்மை

நிரல்மொழிமாற்றிச் சோதனைகளில் நினைவக மேலாண்மை என்பது, கம்பைலர் எனப்படும் நிரல்மொழிமாற்றி ஒன்றின் சோதனைத் தொகுதியை இயக்கும்போது கணினியின் நினைவகம் தீர்ந்துவிடாமலும், நினைவகப் பற்றாக்குறையால் சோதனை முடிவுகள் திரிந்துவிடாமலும் காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். ஒரு சோதனைத் தொகுதியில் ஆயிரக்கணக்கான சிறு நிரல்கள் உள்ளன. காலத்தைச் சேமிக்க இவற்றுள் பல ஒரே நேரத்தில் இயக்கப்படுகின்றன. அப்போது நினைவகம் தீர்ந்தால், இயங்குதளம் சில நிரல்களைப் பாதியிலேயே நிறுத்திவிடும். நிறுத்தப்பட்ட சோதனை "தோல்வி" என்றே பதிவாகும். வழு இல்லாத இடத்தில் வழு இருப்பதாகத் தோன்றும் இந்நிலையே இங்கு முதன்மையான சிக்கல் ஆகும்.

ஆகவே நினைவக வரம்பை வகுப்பது, சோதனை முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதோடு நேரடியாகத் தொடர்புடையது. இது மொழிமாற்றி எழுதுவோருக்கும், குறைந்த நினைவகம் கொண்ட கணினிகளில் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்கும் மாணவர்களுக்கும், கல்பாக்கம் அணு ஆற்றல் வளாகம் போன்ற இடங்களில் பாதுகாப்பு மென்பொருளை உருவாக்குவோருக்கும் பொதுவான பொருள் ஆகும்.

பின்னணி

மனிதர் எழுதும் மூல நிரலைப் பொறிமொழியாக மாற்றுவது நிரல்மொழிமாற்றியின் பணி. (இக்கட்டுரையில் இது சுருக்கமாக மொழிமாற்றி எனப்படும்.) மொழிமாற்றி பிழை செய்தால், சரியாக எழுதப்பட்ட நிரலும் தவறாக இயங்கும். இதனால் மொழிமாற்றிகளுக்கெனத் தனிச் சோதனைத் தொகுதிகள் உருவாயின. ஏடா மொழிக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பயன்படுத்திய ஏசிவிசி என்னும் தொகுதி இவற்றுள் முன்னோடியானது. 1983 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஏடா/எட் என்னும் மொழிமாற்றி இதில் முதலாவதாகத் தேர்ச்சி பெற்றது.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1987 இல் வெளியிட்ட ஜிசிசி மொழிமாற்றியின் சோதனைத் தொகுதி, டெஜாக்னூ என்னும் சட்டகத்தின் மூலம் இயங்குகிறது. இத்தொகுதியில் ஒரே நிரல் பல்வேறு உகப்பாக்க நிலைகளில் மீண்டும் மீண்டும் மொழிமாற்றப்படுகிறது. இதனால் சி மொழிப் பிரிவில் மட்டும் இலட்சத்திற்கும் மேற்பட்ட முடிவுகள் கிடைக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000 இல் கிறிஸ் லாட்னர், விக்ரம் ஆத்வே ஆகியோர் தொடங்கிய எல்எல்விஎம் திட்டம், லிட் என்னும் பைத்தான் கருவியைச் சோதனைக்குப் பயன்படுத்துகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் சிஸ்மித் என்னும் கருவி, தற்போக்கான சி நிரல்களை உருவாக்கி மொழிமாற்றிகளைச் சோதிக்கிறது. 2011 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, அது 325 க்கும் மேற்பட்ட அறியப்படாத வழுக்களைக் கண்டறிந்தது.

நினைவகப் பயன்பாடு பெருகும் காரணங்கள்

சோதனை நிரல்கள் பெரும்பாலும் சில வரிகளே கொண்டவை. இருப்பினும் அவற்றை இயக்கும்போது நினைவகப் பயன்பாடு பல காரணங்களால் பெருகுகிறது.

மொழிமாற்றியின் இயல்பு: மொழிமாற்றி குறுகிய நேரமே இயங்கி முடிவது. அது முடிந்ததும் அதன் நினைவகம் முழுவதையும் இயங்குதளம் திரும்பப் பெற்றுக்கொள்ளும். எனவே நினைவகத்தைத் துண்டு துண்டாக விடுவிப்பதில் காலத்தைச் செலவிடாமல், வேகத்தைக் கருதிப் பல மொழிமாற்றிகள் நினைவகத்தைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. கிளாங் மொழிமாற்றி நிரலின் தொடரமைப்பு மரத்தைப் பெரிய தொகுப்புகளாக ஒதுக்கி, இறுதிவரை வைத்திருக்கிறது. டி மொழியின் டிஎம்டி மொழிமாற்றி வழக்கமாக நினைவகத்தை விடுவிப்பதே இல்லை. அதற்கெனக் குறைநினைவகத் தெரிவு ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது.

குப்பை திரட்டல்: ஜிசிசி தனக்கெனக் குப்பை திரட்டி ஒன்றைக் கொண்டுள்ளது. கணினியில் உள்ள நினைவகத்தின் அளவைப் பார்த்தே அது எப்போது குப்பையைத் திரட்டுவது என முடிவு செய்கிறது. முதல் திரட்டலுக்கு முந்தைய குவியலின் அளவு, நினைவகத்தின் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில், 4 மெகாபைட்டுக்குக் குறையாமலும் 128 மெகாபைட்டுக்கு மிகாமலும் அமைகிறது. ஒரே கணினியில் பல மொழிமாற்றிகள் இயங்கும்போது, அவை ஒவ்வொன்றும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியது போலக் கணக்கிடுகின்றன.

வரம்புச் சோதனைகள்: சில சோதனைகள் வேண்டுமென்றே மொழிமாற்றியை அதன் எல்லைவரை கொண்டு செல்கின்றன. சி99 சீர்தரம், அடைப்புக்குறிகள் ஒன்றனுள் ஒன்றாக 63 நிலைகளும், ஒரு செயற்கூற்றுக்கு 127 உருபுகளும், ஒரு தெரிவுக் கூற்றுக்கு 1023 கிளைகளும் ஏற்கப்பட வேண்டும் எனக் கூறுகிறது. ஜிசிசி தொகுதியில் உள்ள வரம்புச் சோதனைகள் இவ்வெண்களையும் தாண்டிச் செல்பவை. இவை குவியலோடு அடுக்கையும் மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. லினக்சில் அடுக்கின் வழக்கமான வரம்பு 8 மெகாபைட். இது போதாது என்பதால் ஜிசிசி தன் அடுக்கின் வரம்பை 64 மெகாபைட்டாக உயர்த்திக்கொள்ள முயல்கிறது.

சோதனைக் கருவிகள்: நினைவகத் தவறுகளைக் கண்டறியும் அட்ரஸ் சானிட்டைசர், நிரலின் நினைவகத்தில் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகம் வைக்கிறது. 64 பிட் கணினிகளில் இது 16 டெராபைட்டுக்கும் மேற்பட்ட முகவரிப் பரப்பை வரைந்துகொள்கிறது. இது வெறும் முகவரியே. அத்தனை நினைவகமும் உண்மையில் செலவாவதில்லை.

தற்காலிகக் கோப்புகள்: பல லினக்சு வழங்கல்களில் தற்காலிகக் கோப்புறை வட்டில் இல்லாமல் நினைவகத்திலேயே அமைகிறது. பெடோரா 18, 2025 இல் வெளியான டெபியன் 13 ஆகியவற்றிலிருந்து இவ்வழங்கல்களில் இதுவே இயல்பிருப்பு ஆகும். சோதனைகள் விட்டுச்செல்லும் இடைநிலைக் கோப்புகள் அங்கே சேரும்போது, எந்த நிரலின் கணக்கிலும் தென்படாமல் நினைவகம் குறைகிறது.

இணைச் செயல்பாடு: மேற்கூறிய அனைத்தையும் பெருக்குவது இதுவே. லிட் கருவி, கணினியில் எத்தனைச் செயலி உள்ளகங்கள் உள்ளனவோ அத்தனைச் சோதனைகளை ஒரே நேரத்தில் இயக்குவதை இயல்பாகக் கொண்டுள்ளது. உள்ளகங்களின் எண்ணிக்கைக்கும் நினைவகத்தின் அளவுக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை.

நினைவகம் தீரும்போது நிகழ்வன

லினக்சு இயங்குதளம் தன்னிடம் உள்ளதைவிட மிகுதியான நினைவகத்தைக் கேட்போர்க்கெல்லாம் ஒதுக்கித் தருகிறது. கேட்டவர் அனைவரும் கேட்டது முழுவதையும் பயன்படுத்தமாட்டார் என்பது இதன் அடிப்படை. அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும்போது, கருனியில் உள்ள ஓஓஎம் கில்லர் என்னும் பகுதி, இயங்கும் செயல்முறைகளுக்கு மதிப்பெண் இட்டு, ஒன்றைத் தேர்ந்து நிறுத்துகிறது. மிகுதியான நினைவகம் கொண்ட செயல்முறையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பற்றாக்குறைக்குக் காரணமானது அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மொழிமாற்றிக்குப் பதிலாகச் சோதனையை நடத்தும் கருவியோ, பயனரின் உலாவியோ நிறுத்தப்படுவதும் உண்டு.

நிறுத்தப்பட்ட மொழிமாற்றியின் செய்தி வாசிப்போரைத் தவறான திசையில் செலுத்தக்கூடும். ஜிசிசியின் பழைய பதிப்புகள் இந்நிலையை மொழிமாற்றியின் உள்ளக வழு என அறிவித்து, முழுமையான வழு அறிக்கை அனுப்புமாறு கேட்டன. பிற்காலப் பதிப்புகளில் இச்செய்தி மாற்றப்பட்டு, வெளியிலிருந்து நிறுத்தப்பட்டதாகத் தெளிவாகக் கூறப்படுகிறது.

நிறுத்தம் நிகழாத நிலையிலும் முடிவுகள் திரியலாம். நினைவகம் குறையும்போது இயங்குதளம் பக்கங்களை வட்டிலுள்ள இடமாற்றுப் பகுதிக்கு நகர்த்துகிறது. வட்டின் வேகம் மிகக் குறைவு என்பதால் எல்லாச் சோதனைகளும் மந்தமாகின்றன. ஜிசிசி தொகுதியில் ஒரு சோதனைக்கான இயல்புக் கால வரம்பு 300 நொடிகள். அது கடந்ததும் சோதனை தோல்வியாகிறது. இத்தகைய தோல்விகள் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெவ்வேறு சோதனைகளில் தோன்றுவதால், எந்த மாற்றம் வழுவை உண்டாக்கியது எனத் தேடுவோர் பல நாட்களை இழக்க நேரிடும்.

மேலாண்மை முறைகள்

அளவிடல்

முதற்படி, ஒவ்வொரு சோதனையின் உச்ச நினைவகப் பயன்பாட்டை அறிவது. க்னூ டைம் என்னும் கருவி, ஒரு நிரல் இயங்கி முடிந்தபின் அது எட்டிய உச்ச அளவைக் கிலோபைட்டில் காட்டும். ஜிசிசியில் நினைவக அறிக்கைத் தெரிவு ஒன்றும் உள்ளது; மொழிமாற்றியின் எப்பகுதி எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தியது என அது பட்டியலிடும். சராசரி அளவு இங்கு உதவாது. கணினியை நிலைகுலையச் செய்வது உச்ச அளவே.

இணைப் பணிகளின் எண்ணிக்கை

ஒரே நேரத்தில் இயங்கும் பணிகளின் எண்ணிக்கையை உள்ளகங்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், நினைவகத்தைக் கொண்டும் கணக்கிட வேண்டும். செங்கல்பட்டு, மதுராந்தகம் பகுதிகளின் ஏரிப் பாசனம் இதற்கு ஏற்ற ஒப்புமை ஆகும். ஏரிக்கரையில் பல மதகுகள் இருக்கலாம்; எத்தனை மதகுகளைத் திறப்பது என்பதை நீர் இருப்பே தீர்மானிக்கிறது. இதன் சூத்திரம் எளியது. மொத்த நினைவகத்திலிருந்து இயங்குதளத்துக்கும் பிற பணிகளுக்கும் வேண்டியதைக் கழித்து, மீதியை ஒரு பணிக்கான வரம்பால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், உள்ளகங்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டில் சிறியதே பணிகளின் எண்ணிக்கை ஆகும்.

எல்எல்விஎம் திட்டத்தைக் கட்டமைக்கும் முறையில் இக்கருத்து நேரடியாக இடம்பெற்றுள்ளது. ஒரு மொழிமாற்றப் பணிக்கும் ஓர் இணைப்பிப் பணிக்கும் எத்தனை மெகாபைட் தேவை எனத் தனித்தனியே குறிப்பிட்டால், எத்தனைப் பணிகளை இயக்குவது என்பதை அம்முறையே கணக்கிட்டுக்கொள்கிறது.

வரம்பு விதித்தல்

யூலிமிட் என்னும் ஆணை, ஒரு செயல்முறையின் முகவரிப் பரப்புக்கு வரம்பு விதிக்கிறது. வரம்பைத் தாண்டும் கோரிக்கை மறுக்கப்படும். மொழிமாற்றி "மெய்நிகர் நினைவகம் தீர்ந்தது" என்பது போன்ற செய்தியுடன் தானே வெளியேறும். தோல்விக்கான காரணம் வெளிப்படையாகத் தெரிவது இதன் நன்மை. இதற்கு இரு குறைகள் உண்டு. ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியே செல்லுபடியாவதால், மொத்தப் பயன்பாட்டை இது கட்டுப்படுத்தாது. மேலும், அட்ரஸ் சானிட்டைசர் போன்று பெரும் முகவரிப் பரப்பை வரையும் நிரல்கள் இவ்வரம்பின்கீழ் தொடங்கவே இயலாது.

லினக்சு 2.6.24 பதிப்பில் (2008) சேர்க்கப்பட்ட சி-குரூப் என்னும் வசதி, செயல்முறைகளின் குழு ஒன்றுக்கு மொத்தமாக வரம்பு விதிக்கிறது. இது முகவரிப் பரப்பை விடுத்து, உண்மையில் பயன்படும் நினைவகத்தையே கணக்கில் கொள்கிறது. பற்றாக்குறை ஏற்பட்டாலும் அக்குழுவுக்குள் மட்டுமே செயல்முறைகள் நிறுத்தப்படும். கணினியின் பிற பணிகள் பாதிக்கப்படா. நினைவகப் பற்றாக்குறையால் எத்தனைச் செயல்முறைகள் நிறுத்தப்பட்டன என்ற எண்ணிக்கையும் குழுவின் நிகழ்வுக் கோப்பில் பதிவாகிறது. ஓட்டத்தின் முடிவில் அவ்வெண் சுழியமாக இருந்தால், அக்குழுவில் எந்தத் தோல்வியும் இவ்வகை நிறுத்தத்தால் ஏற்படவில்லை என உறுதி கொள்ளலாம்.

பிரித்து இயக்கல்

மிகுதியான நினைவகம் வேண்டும் சோதனைகளைத் தனியே பிரித்து, குறைந்த எண்ணிக்கையில் இயக்குவது மற்றொரு முறை. லிட் கருவியில் இணைக் குழுக்கள் என்னும் வசதி இதற்கென உள்ளது. எல்எல்விஎம் திட்டத்தில், நிழல் நினைவகம் பயன்படுத்தும் சோதனைகள் ஆப்பிளின் 64 பிட் கணினிகளில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் இயங்காதவாறு வரம்பிடப்பட்டுள்ளது. ஜிசிசி தொகுதியில், செலவு மிகுந்த சோதனைகள் எனக் குறிக்கப்பட்டவை, அதற்கான சூழல் மாறியைப் பயனர் அமைத்தால் மட்டுமே இயங்கும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரி ஆய்வகக் கணினியில் 8 உள்ளகங்களும் 8 கிகாபைட் நினைவகமும் உள்ளன எனக் கொள்வோம். இயங்குதளத்துக்கு 2 கிகாபைட் ஒதுக்கினால் மீதி 6 கிகாபைட். சோதனைகள் 10,000, அவற்றுள் 9,990 சோதனைகள் 150 மெகாபைட்டுக்கு மிகாமலும், 10 சோதனைகள் 2 கிகாபைட் வரையிலும் பயன்படுத்துகின்றன எனக் கொள்வோம்.

- அனைத்தையும் 8 பணிகளாக இயக்கினால், பெரிய சோதனைகள் எட்டும் ஒரே நேரத்தில் சேரும்போது 16 கிகாபைட் தேவைப்படும். இது அரிய நிகழ்வன்று. ஒரே வகைச் சோதனைகள் ஒரே கோப்புறையில் அடுத்தடுத்த பெயர்களில் இருப்பதால், அவை அடுத்தடுத்தே இயங்கும்.
- அனைத்தையும் உச்ச அளவைக் கொண்டு கணக்கிட்டால், 3 பணிகளே இயங்கும். 5 உள்ளகங்கள் பெரும்பாலான நேரம் வீணாகும்.
- இரு கட்டங்களாகப் பிரித்தால், முதற்கட்டத்தில் சிறிய சோதனைகளை 8 பணிகளாக, ஒவ்வொன்றுக்கும் 512 மெகாபைட் வரம்புடன் இயக்கலாம். மிக மோசமான நிலையிலும் 4 கிகாபைட்டுக்கு மேல் தேவைப்படாது. இரண்டாம் கட்டத்தில் 10 பெரிய சோதனைகளை 2 பணிகளாக, 3 கிகாபைட் வரம்புடன் இயக்கலாம். இங்கும் மொத்தம் 6 கிகாபைட்டைத் தாண்டாது.

மூன்றாம் முறையில், பணிகளின் எண்ணிக்கையை வரம்பால் பெருக்கினால் வரும் தொகை, கிடைக்கும் நினைவகத்துக்குள் அடங்குகிறது. எனவே ஒரு சோதனை வரம்பில் தடுக்கப்பட்டால் அதற்கு அச்சோதனையே காரணம் ஆகும். அருகில் இயங்கிய மற்றொன்று காரணமாக இருக்க இயலாது.

முடிவுகளை வாசித்தல்

தோல்வியுற்ற சோதனை ஒன்றைக் காணும்போது, அது எவ்வாறு முடிந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

- வெளியேற்ற எண் 137: 128 உடன் 9 ஆம் எண் குறிகை சேர்ந்தது. வெளியிலிருந்து வலிந்து நிறுத்தப்பட்டதைக் குறிக்கும். கருனியின் பதிவேட்டில் நினைவகப் பற்றாக்குறைச் செய்தி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
- வெளியேற்ற எண் 139: 11 ஆம் எண் குறிகை. மொழிமாற்றியின் வழுவாகவோ, அடுக்கு நிரம்பியதாகவோ இருக்கலாம். அடுக்கின் வரம்பை உயர்த்தி மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.
- நினைவகம் தீர்ந்த செய்தி: வரம்பு குறைவாக உள்ளது அல்லது மொழிமாற்றி அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறது.
- கால வரம்பு கடத்தல்: முடிவிலாச் சுழற்சியாகவோ, இடமாற்றுப் பகுதியால் ஏற்பட்ட மந்தமாகவோ இருக்கலாம்.

ஐயத்துக்குரிய சோதனையைத் தனியே, வேறு பணிகள் இல்லாதபோது மீண்டும் இயக்குவது எளிய சரிபார்ப்பு ஆகும். தனியே இயங்கும்போது வெற்றி பெற்றால், பற்றாக்குறையே முதலில் ஐயுறத்தக்கது. தனியே இயங்கும்போதும் முந்தைய பதிப்பைவிடப் பன்மடங்கு நினைவகத்தைப் பயன்படுத்தினால், அது உண்மையான வழு ஆகும். ஜிசிசியின் வழுப் பதிவேட்டில் இத்தகையவற்றைக் குறிக்கத் தனிக் குறிச்சொல் உள்ளது. வரம்பே விதிக்காத பெரிய வழங்கிகளில் இவ்வகை வழுக்கள் கண்ணில் படாமல் போவதுண்டு. அவ்வகையில், குறைந்த நினைவகம் கொண்ட கணினியில் கவனமாக நடத்தப்படும் சோதனைக்கும் தனிப் பயன் உள்ளது.

சிறிய இலக்குக் கணினிகள்

மொழிமாற்றி இயங்கும் கணினியும், அது உருவாக்கும் நிரல் இயங்கும் கணினியும் வேறாக இருக்கலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014 இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டம் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்துகிறது. இக்கட்டளைத் தொகுதிக்கான ஆதரவு ஜிசிசி 7 ஆம் பதிப்பில் (2017) சேர்க்கப்பட்டது. இத்தகைய செயலிகளுக்கான மொழிமாற்றியைச் சோதிக்கும்போது, கியூஎமு போன்ற போன்மி ஒன்று ஒவ்வொரு சோதனைக்கும் தனியே இயக்கப்படுகிறது. ஆகவே மொழிமாற்றியின் நினைவகத்தோடு போன்மியின் நினைவகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இலக்குக் கருவியின் நினைவகம் சில கிலோபைட்டுகளே இருக்கும் நிலையும் உண்டு. அப்போது இணைப்பி, நினைவகம் நிரம்பிவிட்டதாக அறிவிக்கும். ஜிசிசி தொகுதி இச்செய்தியை அறிந்து, அச்சோதனையைத் தோல்வி எனக் கொள்ளாமல் "ஆதரிக்கப்படாதது" என வகைப்படுத்துகிறது. இலக்குக் கருவியில் போதிய அடுக்கு இல்லையெனில் சோதனையைத் தவிர்க்குமாறு சோதனைக் கோப்பிலேயே குறிப்பிடவும் இயலும்.

கல்பாக்கமும் சடுதிமாற்றச் சோதனையும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் அமைந்துள்ள கல்பாக்கம், 2019 இல் உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு 1971 இல் தொடங்கப்பட்ட அணு உலை ஆய்வு மையம், 1985 இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அணு உலைப் பாதுகாப்பு மென்பொருளுக்கான பன்னாட்டுச் சீர்தரமான ஐஇசி 60880 (2006 பதிப்பு), மொழிமாற்றி உள்ளிட்ட கருவிகளைத் தேர்வதையும் தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. இத்தகைய மென்பொருளில் இயக்கத்தின்போது நினைவகம் ஒதுக்குவதைத் தவிர்த்து, எல்லாவற்றையும் முன்னரே ஒதுக்கிவிடுவது பொது மரபு. எனவே உலையில் இயங்கும் நிரலின் நினைவகம் நிலையானது. அதைச் சோதிக்கும் கணினியின் நினைவகப் பயன்பாடு அவ்வாறு நிலையானதன்று.

கல்பாக்கத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மென்பொருள் சரிபார்ப்பையும் சடுதிமாற்றச் சோதனையையும் இணைத்து, அணு உலைப் பாதுகாப்பு மென்பொருளின் நம்பகத்தன்மையை அளவிடும் முறை ஒன்றை 2012 இல் ஓர் அணு ஆற்றல் ஆய்விதழில் முன்வைத்தனர். சோதனைகளின் போதுமை நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று என்பது அதன் முடிவுகளில் ஒன்றாகும்.

சடுதிமாற்றச் சோதனையின் கருத்தை டிமில்லோ, லிப்டன், சேவார்டு ஆகியோர் 1978 இல் விளக்கினர். மூல நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்து, அதாவது கூட்டல் குறியைக் கழித்தலாக்கியோ ஒப்பீட்டைத் திருப்பியோ, பல "சடுதிமாறிகள்" உருவாக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் மொழிமாற்றப்பட்டு, சோதனைகள் இயக்கப்படுகின்றன. சோதனைகள் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் அச்சடுதிமாறி "கொல்லப்பட்டது" எனப்படும். கொல்லப்பட்டவற்றின் விழுக்காடு உயர்ந்தால் சோதனைகள் சிறந்தவை எனக் கொள்ளப்படும்.

ஆயிரக்கணக்கான சடுதிமாறிகளை மொழிமாற்றி இயக்க வேண்டியிருப்பதால், மொழிமாற்றிச் சோதனைத் தொகுதிக்கான நினைவகச் சிக்கல் இங்கும் எழுகிறது. விளைவு மட்டும் நேர்மாறானது. மொழிமாற்றிச் சோதனையில், நினைவகப் பற்றாக்குறை பொய்யான தோல்வியைத் தருகிறது; ஆய்வோர் வீணாக உழைக்க நேர்ந்தாலும் தீங்கு நேர்வதில்லை. சடுதிமாற்றச் சோதனையிலோ, பற்றாக்குறையால் நிறுத்தப்பட்ட சடுதிமாறி, சோதனைகளால் கண்டுபிடிக்கப்பட்டதாகவே எண்ணப்படலாம். அப்போது சோதனைகள் உள்ளதைவிடச் சிறந்தவையாகத் தோன்றும். பாதுகாப்பு மென்பொருளில் இப்பிழை தீங்கான திசையில் செல்வது. எனவே, வரம்பால் நிறுத்தப்பட்டவற்றைத் தனியே எண்ணி, அவற்றை மீண்டும் இயக்கிப் பார்த்த பின்னரே விழுக்காட்டைக் கணக்கிடுவது தகும்.

வரையறைகள்

எந்த வரம்பும் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தாது. மொழிமாற்றியின் பதிப்பு, வழுநீக்கத் தகவலின் அளவு, இயங்குதளம் ஆகியவற்றைப் பொறுத்து உச்ச அளவு மாறும். வரம்பு மிகக் குறைந்தால் பொய்த் தோல்விகள் பெருகும். மிக உயர்ந்தால் வரம்பின் பயன் அற்றுப்போகும். மேலும், ஜிசிசியின் குப்பை திரட்டி விதிக்கப்பட்ட வரம்பையும் கணக்கில் கொள்வதால், வரம்பை மாற்றுவது மொழிமாற்றியின் வேகத்தையும் மாற்றக்கூடும். இதனால் இரு ஓட்டங்களை ஒப்பிடும்போது, அவை ஒரே வரம்பிலும் ஒரே எண்ணிக்கையிலான பணிகளுடனும் இயங்கியிருக்க வேண்டும். முடிவுகளை வெளியிடும்போது இவ்விரு எண்களையும் உடன் குறிப்பிடுவது, பிறர் அதே சோதனையை மீண்டும் நடத்திப் பார்க்க உதவும்.

இவற்றையும் பார்க்க

- நிரல்மொழிமாற்றி
- மெய்நிகர் நினைவகம்
- குப்பை திரட்டல்
- கட்டற்ற மென்பொருள்
- மென்பொருள் சோதனை
- இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்